மெஷின் நின்றால் விஜயகுமாரியின் கை எங்கே போகும்

விஜயகுமாரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய இடது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலது கை எல்லாருக்கும் இருப்பது போன்ற கைதான். சாப்பிடும், கும்பிடும், மவுஸைப் பிடிக்கும். இடது கை மட்டும் தனி ரகம். கம்ப்யூட்டர் ஏதாவது புரியாததைச் சொன்னால், அக்கா அதைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கை சுவரில் இருக்கும் சுவிட்சுக்குப் போய்விடும். டக். ஸ்க்ரீன் கறுத்துவிடும். அதற்கப்புறம்தான் அக்கா மூச்சே விடுவார்.

இது நடந்தது 2008இல். அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவனிடம் யார் கம்ப்யூட்டரைக் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். எனக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் பெங்களூருக்குப் போய்விட்டார். பிரவுசிங் சென்டரில் குப்பை கொட்டிய நான் கைக்கு அகப்பட்டேன். அவ்வளவுதான் காரணம்.

பாக்கிங் செக்ஷன் ஓரத்தில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதற்கு ஸ்டிக்கர் ரூம் என்று பெயர். அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் அங்கேதான் பிரிண்ட் ஆகும். எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன கலர், என்ன சைஸ், உள்ளே எத்தனை பீஸ், எல்லாம் அதில் இருக்கும். ஸ்டிக்கர் தப்பானால் பெட்டியே தப்பு. அங்கிருந்த லினக்ஸ் மெஷினில் ஐகான், கிகான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையை அடித்து என்டர் தட்ட வேண்டும். ‘லேபிள்’ என்று இங்கிலீஷில் அடித்து, பெட்டி நம்பரைப் போட்டால் பிரிண்டர் கிறீச்சிடும். அந்த ஒரு வார்த்தையில்தான் அக்காவுக்குக் கண்டம். கடைசி இரண்டு எழுத்தும் அவர் விரலில் இடம் மாறிப்போகும். மெஷின் உடனே ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, அதாவது அப்படி ஒரு வார்த்தை தனக்குத் தெரியாது என்று சொல்லும். இடது கை கிளம்பிவிடும்.

முதல் தடவை நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஏன்க்கா ஆஃப் பண்ணீங்க?”

“நாட்டுன்னு வந்துச்சு கண்ணு.”

“வந்தா?”

“நாட்டுன்னா ரிஜெக்ட்டுத்தான? ஓட உட்டா ரோல் முச்சூடும் போயிருமல்லோ?”

“இங்க எங்கிட்டுக்கா ரோல் இருக்கு?”

“உள்ளுக்குள்ள இருக்குமில்ல?” என்று அக்கா கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவர் கதையைக் கேட்ட பிறகுதான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அக்காவின் அப்பா கிட்டுசாமி அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷின் ஓட்டியவர். யூனிட்டுக்குப் பின்பக்கமே லைன் வீடு. அக்கா தவழ்ந்ததே மெஷின் சத்தத்தில்தான். வட்டமாகச் சுற்றிச் சுற்றித் துணி பின்னுகிற மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் உடனே தெரியாது. துணி கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உடைந்த ஊசிக்கு நேராக ஒரு கோடு, அருவி மாதிரி, துணி நெடுக விழுந்துகொண்டே வரும். அதை டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ரோலே கழிவுக்குப் போகும். அதனால் அந்த வீட்டில் சோற்றுக்கு முன்னால் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் முதலில் ஆஃப் பண்ணு, அப்புறம் என்னவென்று பார். அப்பா இல்லாத நேரத்தில், பாவாடை கட்டின வயதில், அக்கா ஒரு மெஷினை நிறுத்தி ஒரு ரோலைக் காப்பாற்றியிருக்கிறார். முதலாளியே வந்து கன்னத்தைக் கிள்ளினாராம். கிள்ளியது கன்னத்தை, பாடம் ஏறியது கையில்.

கல்யாணமாகித் தாராபுரம் போய், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் பையனோடு திரும்பி வந்து, எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றார். ‘நின்றார்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். செக்கிங்கில் உட்கார முடியாது. பனியனை விரித்து, திருப்பி, தையல் பிரிந்திருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ‘நாட் ஓகே’ கூடையில் போட வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெரும்பாலும் அந்தக் கூடையில் எழுதியிருந்ததுதான். வருஷக்கணக்காக நின்றதில் காலில் நரம்பு மண்புழு மாதிரிச் சுருட்டிக்கொண்டது. கணுக்காலில் ஒரு புண் வந்தது. ஆறுவது போல இருக்கும், மறுபடி திறந்துகொள்ளும். இனிமேல் நின்று வேலை பார்த்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்டிக்கர் ரூமில் இருந்த பெண் கல்யாணத்துக்காக வேலையிலிருந்து நின்றபோது, பாக்கிங் மேனேஜர் சரவணக்குமார் அக்காவை அங்கே உட்கார வைத்தார். நல்ல மனசில்தான் செய்தார். ஆனால் நல்ல மனசுக்கும் ஒரு கெடு வைக்கிற ஆள் அவர். “இந்த சீசன் பெரிய ஷிப்மென்ட் போகட்டுங்க்கா, பாக்கலாம்” என்றார். அக்காவுக்கு அந்தப் ‘பாக்கலாம்’ நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. செக்கிங் இன்சார்ஜ் தெய்வாத்தாள் வேறு, தினமும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, “என்ற நல்ல கண்ணைப் புடிச்சு இங்க அடைச்சு வெச்சுட்டீங்களே சாரே” என்று கேட்டுவிட்டுப் போவார். அக்கா மாதிரித் தையல் பிரிவைக் கண்டுபிடிக்க அந்த டேபிளில் ஆள் இல்லை. அது பாராட்டுத்தான். அக்காவுக்கு மட்டும் அது வாரண்ட் மாதிரிக் கேட்கும்.

அந்த நாற்காலிக்கு மெத்தைகூடக் கிடையாது. கோணல் காலுள்ள பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார அக்கா படாத பாடு பட்டார்.

சுவிட்சைத் தட்டி அணைத்தால் மெஷின் திரும்ப எழும்போது சும்மா எழாது. டிஸ்க் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதுவரை பெட்டிகள் ஸ்டிக்கர் இல்லாமல் மொட்டையாக நிற்கும், பாக்கிங் ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சினிமா பேசுவார்கள். ஒரு நாள் சரவணக்குமார் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க்கா, இது என்ன டியூப்லைட்டுங்களா, போட்டுப் போட்டு அமத்தறதுக்கு?”

“தெரியாம கை போயிருச்சுங்க.”

“இன்னொருக்கா போச்சுன்னா கையோட சேத்து நீங்களும் செக்கிங்குக்குப் போயிருங்க. நான் என்ன பண்றது சொல்லுங்க?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, கத்துகிறவர்கள் மறந்துவிடுவார்கள். அக்கா அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

கையை மாற்ற முடியாது. மெஷினின் வாயை மாற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. லினக்ஸில் ஒரு வசதி உண்டு. தனக்குத் தெரியாத வார்த்தையை யாராவது அடித்தால், மெஷின் குறிப்பிட்ட பெயரில் ஒரு குட்டிப் புரோகிராம் இருக்கிறதா என்று தேடும். அப்படி ஒன்றை நாம் எழுதி வைத்திருந்தால், ‘நாட் ஃபவுண்ட்’ என்று தன் பாட்டைப் பாடாமல் அதைக் கூப்பிடும். அதற்குள் நாம் என்ன எழுதுகிறோமோ அதுதான் பதில்.

இந்த வசதி எனக்கு முன்பே பழக்கம். மேனேஜர் மெஷினில் அதை வைத்திருந்தேன். அவர் ஒரு நாள் சும்மா இருக்காமல் ‘ஹலோ’ என்று அடிக்க, “வேலையைப் பாருங்க சார்” என்று மெஷின் சொல்லிவிட்டது. அவர் அதை ரசிக்கவில்லை. “டேய் பாண்டி, இனி இந்தக் கம்பெனியில எந்த மெஷினாச்சும் வாயத் தொறந்துச்சு, உன்னையப் பொட்டியில போட்டு ஸ்டிக்கர் ஒட்டி ஜெர்மனிக்கு அனுப்பிருவேன்” என்றார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

மேனேஜர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிற நேரம்தான் ஸ்டிக்கர் ரூமில் எனக்கும் அக்காவுக்கும் சோதனை நேரம். திரையில் தமிழ் எழுத்து வராது. அது ஒரு பிரச்சினை இல்லை. அக்காவின் பையன் அப்போது படிப்புக்காகத் தாராபுரம் ஹாஸ்டலில் இருந்தான்; இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துத்தான் எஸ்எம்எஸ் அனுப்புவான். அக்கா அதை உதடு அசைத்துப் படித்துவிடுவார்.

முதலில் நேர்மையாக ‘தப்பு’ என்று மட்டும் வைத்தேன். அடித்தார், படித்தார், டக்.

“என்னக்கா!”

“தப்புங்குது கண்ணு. நாட்டுக்கே அமத்துனேன், தப்புன்னா அமத்தாம இருக்க முடியுங்களா?”

அடுத்ததாக, கொஞ்சம் உறவாகப் பேசட்டும் என்று ‘என்னக்கா, சாப்பிட்டாச்சா?’ என்று வைத்தேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, “ஆச்சுங்க” என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, டக்.

மூன்றாவதாக நான் செய்தது, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எழுதியது. அதை எழுதியவனைச் செருப்பால் அடிக்கலாம். அக்கா எழுந்து வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அந்தக் காலோடு. உள்ளே கூட்டிவர நான் பட்ட பாடு போதும்.

விடை செக்கிங் டேபிளில் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நல்ல பீஸ்களில் எல்லாம் சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளியிருந்தாள். தெய்வாத்தாள் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. தண்ணீர் பிடிக்கப் போன அக்கா அவள் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். அவள் முதுகில் கை வைக்கவும் இல்லை, ஆறுதல் பிரசங்கமும் செய்யவில்லை. “இருக்கட்டும் கண்ணு, இன்னொருக்கா பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

நான் அந்த வார்த்தையை அப்படியே திருடினேன். மறுநாள் மதியம் அக்கா எழுத்தை மாற்றி அடித்ததும், மெஷின் ‘இருக்கட்டும் கண்ணு, இன்னொருக்கா அடி’ என்றது.

இடது கை கிளம்பியது. பாதி வழியில் நின்றது. அந்தரத்தில் கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு அப்படியே இறங்கிக் கீபோர்டுக்கு வந்தது. அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மறுபடி அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது.

“ஏங்கண்ணு, இது நான் பேசறதாட்டவே பேசுதே?”

“உங்ககிட்டதான் கத்துக்கிச்சு.”

“போ கண்ணு, புளுகாத” என்றார். ஆனால் ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டே திரையை ஓரக்கண்ணால் பார்த்தார், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் பார்க்கிற மாதிரி.

அதன் பிறகு சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது. அக்கா தப்பாக அடிப்பார், மெஷின் இருக்கட்டும் என்னும், அக்கா திருத்துவார். பெரிய ஷிப்மென்ட் நாள் வந்தது.

அன்றைக்கென்று நான் கம்பெனியில் இல்லை. அவிநாசியில் இருந்த எங்கள் இன்னொரு யூனிட்டில் பிரிண்டர் படுத்துவிட்டதென்று காலையிலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் என் செல் அடித்தது. அக்கா எனக்குப் போன் செய்தால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

“கண்ணு, எங்கிருக்கற?”

“அவிநாசியிலக்கா. என்னாச்சு?”

“கரண்ட் போச்சு. யூபிஎஸ்சு ஒரு மொணகல் மொணகிட்டு அதும் போயிருச்சு. நான் கையே வெக்கல சாமி, சத்தியமா நான் அமத்தல. ஜெனரேட்டர் போட்டதும் அதா எந்திரிச்சுக்கிச்சு. இப்ப லேபிள் அடிச்சா வரமாட்டீங்குது.”

“என்ன சொல்லுது?”

“இருக்கட்டும் கண்ணுங்குது.”

“திருப்பி அடிங்க.”

“அடிச்சு அடிச்சுப் பாத்தாச்சு. எத்தன அடிச்சாலும் இருக்கட்டுங்குது. லோடு ஏத்தற வண்டி வந்து நிக்குது. கடைசிப் பொட்டிங்க எல்லாம் ஸ்டிக்கர் இல்லாம கெடக்குது. என்ன தப்புப் பண்றேன்னே தெரீல கண்ணு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எழுத்தை மாற்றி அடிக்கிறாரா, அல்லது லேபிள் புரோகிராமே காணாமல் போய்விட்டதா? இரண்டுக்கும் மெஷின் அதே இருக்கட்டும்தான் சொல்லும். பழைய இங்கிலீஷ் பதிலாவது, என்ன வார்த்தையை அடித்தோம் என்பதைத் திருப்பிக் காட்டும். அந்த வார்த்தை என் குட்டிப் புரோகிராம் கைக்கும் வரத்தான் செய்தது. நான்தான் அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆறுதல் மட்டும் சொல்ல வைத்திருந்தேன்.

“அக்கா, கடைசியா அடிச்சது என்னன்னு பார்த்து ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க.”

சொன்னார். எல்லாம் சரி. கடைசி இரண்டு எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தன.

“அதுக்கு மேல் வரியில?”

அதுவும் சரி. அதற்கு மேலும் சரி. இவ்வளவு நேரமும் அக்கா ஒழுங்காக அடித்திருக்கிறார், மெஷின் அவரைத் தேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. புரோகிராம்கள் எல்லாம் ‘பெட்டி’ என்று நான் பெயர் வைத்த இரண்டாவது டிஸ்கில் இருந்தன. திடீரென்று கரண்ட் போனால் அது சில சமயம் தானாக எழுந்து ஒட்டிக்கொள்ளாது. கையால் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை அக்கா அடிக்க வேண்டும்.

“அக்கா, நீங்க ஒரு தப்பும் பண்ணல. மெஷின்லதான் கோளாறு. நான் சொல்ற மாதிரி அடிங்க...”

சொல்லி முடிப்பதற்குள் போனில் வேறு குரல் கேட்டது. சரவணக்குமார்.

“என்னங்க்கா ஆச்சு? வண்டிக்காரன் உசுர வாங்கறான். இது என்ன, ஸ்க்ரீன் பூராக் கண்ணு கண்ணுன்னு கெடக்குது? ஆரைக் கண்ணுங்குது?”

“என்னையத்தானுங்க” என்றார் அக்கா. சின்னக் குரல்.

“அவன் வேலையா இது?” எனக்கு ஜெர்மனி கண்ணில் தெரிந்தது. “செரி, அதை அப்பறம் பாக்கறேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டர்னா அதுதான் வைத்தியம்.”

நான் போனில் கத்தினேன். “அக்கா, வேண்டாம்! ஃபைல் போயிட்டிருக்கு!”

இதைச் சொல்லியாக வேண்டும். அந்த மெஷின் ஸ்டிக்கர் மட்டும் அடிப்பதில்லை. ஷிப்மென்ட் பேப்பர்கள் எல்லாம் அதிலிருந்துதான் சென்னை ஏஜென்ட்டுக்கு நெட்டில் போகும். நத்தை வேக நெட். மெஷின் எழுந்ததுமே அது முதலிலிருந்து அனுப்பத் தொடங்கியிருக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் ஏஜென்ட் ஆபீஸ் பூட்டிவிடுவார்கள். வண்டி போயும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பழி யார் தலையில் விழும்? சுவிட்சுக்குப் பேர்போன கை யாருடையதோ அவர் தலையில்.

“சார், பாண்டி வேண்டாங்கறானுங்க” என்றார் அக்கா. “பேப்பர் போயிட்டிருக்குதாமா.”

“அவன் கெடக்கறான். அமத்துங்க்கா.”

எனக்கு இங்கே எதுவும் தெரியவில்லை. போனில் ஜெனரேட்டர் சத்தமும் வண்டி ஹாரனும்தான். அக்கா என்ன செய்கிறார் என்று தெரியாமல், “மவுண்ட்னு அடிங்க, எம், ஓ, யு, என், டி. அப்புறம் சாஞ்ச கோடு, அப்புறம் பெட்டி” என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனேன். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. என்டர் தட்டுகிற சத்தமும் கேட்டது. பிறகு அக்கா மூச்சை இழுத்தது கேட்டது.

“கண்ணு... இங்கிலீஷு வந்திருச்சு.”

“என்ன வந்துருக்கு?”

“நோ-ன்னு வந்திருக்குது. நோ... சச்...”

நடுவில் இடம் விடாமல் சேர்த்து அடித்துவிட்டார். சாய்ந்த கோடு நடுவில் ஒட்டியிருந்தால் மெஷின் அதை வார்த்தை என்றே நினைக்காது, ஃபைலின் விலாசம் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது என் குட்டிப் புரோகிராமைக் கூப்பிடவே கூப்பிடாது. பழைய இங்கிலீஷிலேயே இல்லை என்று சொல்லிவிடும். எத்தனையோ நாளாகக் கண்ணு கண்ணு என்று கொஞ்சிய மெஷின், மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது, வண்டி ஹாரன் அடிக்கும்போது, நோ என்று முகத்தில் அடித்திருக்கிறது.

கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

“அக்கா?”

போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, கை எங்க இருக்கு?”

“சுவிச்சு மேலதான் கண்ணு இருக்குது.”

சரவணக்குமார், “அமத்துங்க, அமத்துங்க” என்பது கேட்டது.

எனக்கு அவிநாசியிலிருந்து அந்தக் கையைப் பிடிக்க முடியாது. நான் என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. ரிஜெக்ட் இல்லக்கா, ஊசி எதுவும் உடையலக்கா, ரோல் எதுவும் ஓடலக்கா, நடுவுல ஒரு இடம் விடலை, அம்புட்டுதான் என்று உளறினேன் போல. பக்கத்தில் இருந்த நிட்டிங் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்பதை பாக்கிங் ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அணைக்கவும் இல்லை. உள்ளங்கையை விரித்து அதைப் பொத்திக்கொண்டாராம், யாரும் தொட முடியாதபடி. மேனேஜர் கிட்டே வந்தபோது திரும்பிப் பார்த்து, “நீங்கதானுங்க அமத்தாதீங்கன்னு சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் அமத்தாம இருந்துக்கறனுங்க” என்றாராம். கை சுவிட்சை விட்டு நகரவே இல்லையாம். சரவணக்குமார் வண்டிக்காரனிடம் பேசுவதற்காக வெளியே போய்விட்டார். அவருக்கும் போக ஓர் இடம் வேண்டும் இல்லையா.

“கண்ணு, எடம்னா எங்க உடறது?” என்று போனில் குரல் வந்தது.

“கீழ நீளமா ஒரு பட்டன் இருக்குமே, அதை ஒரு தட்டு. மவுண்ட்டுக்கும் சாஞ்ச கோட்டுக்கும் நடுவுல.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரே கையால் அடித்தார். இன்னொரு கைக்கு வேலை இருந்தது.

“ஒண்ணுமே சொல்ல மாட்டீங்குது.”

“சொல்லாதுக்கா. வேலை சரியா நடந்தா அது பேசாது.”

“திட்டாம இருக்கறதும் பயமாத்தான் இருக்குது.”

“இப்ப லேபிள் அடிங்க.”

அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது போன் வழியாகவே கேட்டது. அப்புறம் நிற்காமல் கேட்டது. நான் ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. அக்காவும் வைக்கவில்லை. பிரிண்டர் சத்தத்தையே இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வண்டி ஏறிப் போனது. பேப்பர்களும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் சரவணக்குமார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஜெர்மனிப் பெட்டி தயாராக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதற்குள் தெய்வாத்தாள் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“ஷிப்மென்ட்டு போயிருச்சுங்கல்ல சாரே? விஜயாவை எப்ப அனுப்பறீங்க?”

சரவணக்குமார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அவங்க இனி ஸ்டிக்கர் ரூம்தானுங்க. டேபிளுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க” என்றார். தெய்வாத்தாள் என்னை முறைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கண்ணு மேட்டரு.”

“எடுத்துடறேன் சார்.”

“எடுக்கச் சொன்னனா? அந்தக்கா மெஷின்ல இருந்துட்டுப் போகட்டும். என்ற மெஷின்ல வந்துச்சு, தொலைச்சுப்போடுவேன்.”

வெளியே வந்து அக்காவிடம் நாற்காலி செய்தியைச் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர், “சாரு வாயில இருந்தே வந்துச்சா? நல்லாக் கேட்டியா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். நான்காம் முறை சொன்னபோதுதான் காலை நீட்டி, கட்டுப் போட்ட கணுக்காலை பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கண்ணு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அது கொஞ்சறது எனக்குப் புடிச்சுத்தான் இருக்குது. ஆனா நேத்து அத்தன நேரமும் நான் சரியா அடிச்சிருக்கறேன். அதுக்கும் இருக்கட்டும், இருக்கட்டும்னு தேத்துச்சு பாரு, என்ற மேலதான் தப்பு போலிருக்குதுன்னு நானே நெனச்சுப்போட்டேன். தப்புன்னா தப்புன்னு சொல்லோணும். என்ற தப்பு இல்லீன்னா அதையும் சொல்லோணுமில்ல?”

அன்று மதியம் முழுதும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். இப்போது மெஷின் முதலில் அக்கா அடித்த வார்த்தையை அப்படியே திருப்பிக் காட்டும். அது அக்காவுக்குத் தெரிந்த வார்த்தைகளில் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லை என்றால், ‘இப்படி அடிச்சிருக்க. இருக்கட்டும் கண்ணு, இன்னொருக்கா அடி’ என்னும். வார்த்தை சரியாக இருந்து புரோகிராம்தான் காணவில்லை என்றால் வேறு பதில். ‘நீங்க அடிச்சது சரி. கோளாறு என்கிட்டத்தான். பாண்டியைக் கூப்பிடுங்க.’ மெஷின் அக்காவை நீங்க என்று சொல்வது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

அந்த இரண்டாவது பதில் வரவே கூடாது என்றுதான் எனக்கு. டிஸ்கையும் சரிசெய்தேன், யூபிஎஸ்சுக்குப் புது பேட்டரியும் கேட்டு வாங்கினேன். அப்படியும் ஒரு நாள் வந்துவிட்டது. நான் மாடியில் ஆபீஸில் இருந்தேன். அக்காவிடம் செல் இருந்தது, இன்டர்காமும் இருந்தது. அவர் இரண்டையும் தொடவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து, பாக்கிங், செக்கிங், தெய்வாத்தாள், மேனேஜர் எல்லாருக்கும் கேட்கும்படி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பாண்டீ! என்ற தப்பு இல்லையாமா! எறங்கி வா!”